கேன்சஸ் ஃபிளின்ட் ஹில்ஸில் 320 ஏக்கர் ராஞ்ச்: வேட்டை, விருந்தினர், ஓய்வு மூன்றுக்கும் ஆகுமா?

குளத்துமீன் | மார்ச் 4, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். ஓவர்லேண்ட் பார்க்ல பதினோரு வருஷமா இருக்கோம். மூணு குடும்பம் சேர்ந்து ஒரு ராஞ்ச் (மேய்ச்சல் பண்ணை) பார்த்து வச்சிருக்கோம். சேஸ் கவுண்டி, காட்டன்வுட் ஃபால்ஸுக்குத் தெற்கே. 177-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஆறு மைல். அரை செக்‌ஷன், அதாவது 320 ஏக்கர். நம்ம கணக்குல 32,000 சென்ட்னு சொன்னதும் ஊர்ல அப்பாவுக்கு மூச்சே நின்னுடுச்சு.

சுண்ணாம்புக்கல்லுல கட்டின பழைய வீடு, நாலு பெட்ரூம். ரெண்டு குளம், ஒரு ஓடை. ஏஜென்ட் அனுப்பின படங்கள்ல ஓடையோரம் முழுக்கப் பச்சைப்பசேல்னு சீடர் மரங்கள். மான் வேட்டை, விருந்தினர் தங்கல், அமைதி, மூணும் ஒரே இடத்துலன்னு விளம்பரம்.

எங்க திட்டம் இதுதான். சீசன்ல வேட்டைக்காரங்களுக்கு வாடகை. மத்த நாள் ஏர்பிஎன்பி. நடுவுல நாங்க போய் ஃபோனை அணைச்சுட்டு உட்காரணும். நண்பர் ஒருத்தர் தியான முகாம் நடத்தலாம்ங்கிறார். மாடு கன்னு எதுவும் வேண்டாம்னு ஒருமனதா முடிவு பண்ணிட்டோம். அந்தப் பக்கம் நிலம் வச்சிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

சும்மா_எட்டிப்பார்த்தேன் | மார்ச் 4, இரவு 10:40

மூணு குடும்பம் சேர்ந்து வாங்குறீங்களா? நிலம் நல்லா இருக்கும். குடும்பங்களைப் பத்தி இப்பவே சொல்ல முடியாது.

மேய்ச்சல்காரன் | மார்ச் 5, காலை 5:55

வாங்க குளத்துமீன். நான் விச்சிட்டாவுல விமானப் பாகம் செய்யற வேலைங்க. மேட்ஃபீல்டு கிரீன் பக்கத்துல 2016-லேர்ந்து ஒரு குவார்ட்டர், 160 ஏக்கர் வெச்சிருக்கேன். சொந்த ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். கொறங்காட்டு மேய்ச்சல் பாத்து வளந்தவன், அதனால புல்லுன்னா கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்குங்க.

மாடு வேண்டாம்ங்கிற முடிவைத்தான் முதல்ல மாத்தணும்.

அந்தப் புல்வெளி இன்னிக்கும் அங்க இருக்குதுன்னா, யாரோ காப்பாத்தி வெச்சதால இல்லீங்க. சுண்ணாம்புக்கல்லுக்கு நடுவுல அடுக்கடுக்கா சிக்கிமுக்கிக்கல்லு கெடக்குது. ஃபிளின்ட் ஹில்ஸ்ங்கிற பேரே அதுலருந்து வந்ததுதான். கலப்பை இறங்காது. வடகிழக்க அயோவா, இல்லினாய் எல்லாம் இதே உயரப் புல்லுதான் இருந்துச்சு. கலப்பை இறங்கற மண்ணுங்கறதால அதெல்லாம் மக்காச்சோளமா மாறிடுச்சு. 17 கோடி ஏக்கர் இருந்த உயரப்புல் பிரெய்ரியில இப்ப 4 சதவீதம்கூட மிச்சமில்லை. மிச்சத்துல பெரும்பங்கு இந்தக் குன்றுகள்லதான்.

இந்தப் புல்லு ரெண்டு விஷயத்துக்குப் பழகினது. நெருப்பு ஒண்ணு, மேயற வாய் ஒண்ணு. அப்ப காட்டெருமையும் கான்சா, ஓசேஜ் பூர்வகுடி மக்கள் வெச்ச நெருப்பும். இப்ப ஸ்டியரும் (காயடிச்ச இளங்காளை) பக்கத்து ராஞ்ச்காரர் வைக்கற நெருப்பும். ரெண்டையும் நிறுத்துங்க, பத்துப் பதினஞ்சு வருசத்துல உங்களுக்குப் புல்வெளி இருக்காது, சீடர் காடு இருக்கும்.

ஏஜென்ட் படத்துல பச்சைப்பசேல்னு தெரியுதுன்னு சந்தோசப்பட்டீங்களே, அந்த மரந்தாங்க வியாதி. ஈஸ்டர்ன் ரெட் சீடர். அதுல நீலமா ஒரு காய் காய்க்கும். பறவை தின்னுபோட்டு வேலிக்கம்பி மேல உக்காந்து எச்சம் போடும். வேலியோரம் வரிசையா சீடர் கன்னு நிக்குதுன்னா, அந்த நிலத்துல பல வருசமா யாரும் நெருப்பு வைக்கலைன்னு அர்த்தம். இடுப்பளவு இருக்கறப்ப நெருப்புலயே செத்துரும். தலைக்கு மேல போச்சுன்னா ரம்பந்தான். நான் முதல் வருசம் வீடு எரிஞ்சுரும்னு பயந்துக்கிட்டு நெருப்பு வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது வருசமும் அதே. அப்புறம் மூணு குளிர்காலம் சனி ஞாயிறு பூரா சீடர் அறுத்தேன். முதுகு இன்னும் சொல்லிக் காட்டுது.

மாடு நீங்க வாங்க வேண்டாம். குத்தகைக்கு விடுங்க. சீசன் முழுக்க மேய்க்கறதுன்னா இந்தப் பக்கம் ஒரு ஸ்டியருக்கு சுமார் 4 ஏக்கர்னு கணக்கு. உங்க 320-ல 80 உருப்படி. மே மாசம் வரும், அக்டோபர்ல போயிரும். மே தொடங்கி ஜூலை நடு வரைக்கும் மட்டும் ரெட்டிப்பா விட்டு எடுத்துக்கற முறையும் உண்டு. அப்படின்னா அதுக்கப்புறம் நிலம் உங்க கையில, புல்லும் மறுபடி ஏறிக்கும். விருந்தாளி வெக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

சைவப்பூனை | மார்ச் 5, மதியம் 12:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நவம்பரில் துப்பாக்கிச் சத்தம், அதே வீட்டில் தியான முகாம். இது எனக்கு மட்டும்தான் விசித்திரமாகத் தெரிகிறதா? போன வாரம் மான் தோலுரித்த கொட்டகையில் இந்த வாரம் யோகா விரிப்பைப் போட யார் வருவார்கள்? வேட்டை இல்லாமல் ஓய்வு விடுதியாக மட்டும் நடத்துங்கள், நானே வருகிறேன்.

மேய்ச்சல்காரன் | மார்ச் 5, மாலை 6:30

சரியான கேள்விங்க. ஆனா நாள்காட்டியப் பாருங்க. வில்அம்பு மான் சீசன் செப்டம்பர் நடுவுல தொடங்கி டிசம்பர் 31 வரைக்கும். ரைஃபிள் சீசன் நன்றி கூறும் நாளுக்கு அடுத்த புதன்லருந்து 12 நாள்தான். பாப்வைட் காடை நவம்பர் ரெண்டாவது சனி தொடங்கி ஜனவரி முடிய. வான்கோழி ஏப்ரல் நடுவுலருந்து மே முடிய. வில்லுக்காரங்களை நான் கணக்குலயே எடுக்கறதில்லை. மரத்து மேல நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருப்பாங்க, நம்ம தியானக்காரங்களே தோத்துருவாங்க.

உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேட்டையில்லை, கோடைதான். ஜூன் ஜூலையில 100 டிகிரி ஃபாரன்ஹீட், காத்து நிக்காது, கூடவே சிக்கர்ங்கற அரிப்புப் பூச்சி, உண்ணி. லோன் ஸ்டார் உண்ணின்னு ஒண்ணு, பொட்டை உண்ணி முதுகுல ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது கடிச்சா சிலருக்கு ஆட்டுக்கறி மாட்டுக்கறியே ஒத்துக்காமப் போயிடும்.

சைவப்பூனை | மார்ச் 5, மாலை 7:02

அப்படியானால் எனக்கு ஒரு பயமும் இல்லை.

மேய்ச்சல்காரன் | மார்ச் 5, மாலை 7:10

சிலருக்குப் பாலும் ஒத்துக்காதுங்க. தயிர்சாதமும் போச்சு.

சைவப்பூனை | மார்ச் 5, மாலை 7:11

பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டே வருகிறேன்.

பத்திரம்_முக்கியம் | மார்ச் 6, காலை 9:15

உண்ணியை விடுங்கள், தாளுக்கு வருவோம். மூன்று குடும்பம் என்றீர்கள். எல்லாரும் குடிமக்களா, கிரீன் கார்டா?

குளத்துமீன் | மார்ச் 6, காலை 9:48

நாங்க சிட்டிசன். இன்னொரு குடும்பம் கிரீன் கார்டு. மூணாவது நண்பர் ஹெச்1பி, வரிசையில நிக்கிறார். எந்த வருஷத்து வரிசைன்னு கேட்டா அழுவார், கேக்காதீங்க.

பத்திரம்_முக்கியம் | மார்ச் 6, மதியம் 1:05

கேட்கவில்லை. ஆனால் அவரை வைத்து இரண்டு விஷயம் இருக்கிறது.

விவசாய நிலத்தில் வெளிநாட்டவர் பங்கு வாங்கினால் 90 நாளுக்குள் வேளாண்மைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1978-ஆம் வருடச் சட்டம். படிவம் எஃப்எஸ்ஏ-153. கிரீன் கார்டு இருந்தால் விலக்கு, ஹெச்1பி-க்கு விலக்கு கிடையாது. மறந்தால் அபராதம் நிலத்தில் அவருக்குள்ள பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். எல்எல்சி என்ற கம்பெனி வைத்து வாங்கினாலும் அவர் பங்கின் அளவைப் பொறுத்து இதே கேள்வி வரும். கவுண்டியிலுள்ள எஃப்எஸ்ஏ (வேளாண்மைத் துறையின் கிளை) அலுவலகத்திலேயே கொடுத்துவிடலாம், பெரிய வேலையில்லை. தெரியாமல் விடுவதுதான் ஆபத்து.

இரண்டாவது துப்பாக்கி. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையிலிருந்தால் விலக்கு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கேன்சஸில் குடியிருப்பவர் சொந்த நிலத்தில் வேட்டையாட மாநில உரிமம் தேவையில்லை. "நம்ம நிலம்தானே" என்று உங்கள் நண்பர் உரிமம் வாங்காமல் இருந்துவிட்டால் மாநிலம் கண்டுகொள்ளாது, மத்திய சட்டம் பிடித்துக்கொள்ளும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இந்த விளையாட்டு விளையாடக் கூடாது. மான் சுட எல்லாருக்குமே தனி பெர்மிட் வேண்டும் என்பது வேறு.

இனி நிலம். இப்போது யார் அதில் மேய்க்கிறார்கள்?

குளத்துமீன் | மார்ச் 6, மதியம் 1:30

பக்கத்து ராஞ்ச்காரர் ஒருத்தர். வாய்ப்பேச்சு ஏற்பாடுதானாம். வாங்கினவுடனே போகச் சொல்லிடலாம்னு ஏஜென்ட் சொன்னார்.

பத்திரம்_முக்கியம் | மார்ச் 6, மதியம் 1:42

முடியாது. கேன்சஸில் வாய்ப்பேச்சுக் குத்தகையை முடிக்க மார்ச் 1-க்குக் குறைந்தது 30 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இன்று மார்ச் 6. பழைய உரிமையாளர் கொடுக்கவில்லை என்றால் அடுத்த மார்ச் வரைக்கும் அவர்தான் குத்தகைதாரர், நீங்கள் வாங்கினாலும்.

மேய்ச்சல்காரன் | மார்ச் 6, மாலை 5:20

அது நல்லதுக்குத்தாங்க! அவரு இருக்கட்டும். வேலி எங்க அறுந்திருக்கு, எந்தக் குளத்தோட கரை கசியுது, மான் எந்த வழியா இறங்குது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஏஜென்டை விட்டுப்போட்டு அவர்கூட அரை நாள் பிக்கப்புல சுத்துங்க.

பத்திரம்_முக்கியம் | மார்ச் 6, மாலை 6:05

ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் கேட்க வேண்டிய இன்னும் சில: கனிம உரிமை நிலத்தோடு வருகிறதா, எப்போதோ தனியாக எழுதிக் கொடுக்கப்பட்டதா. தனியாகப் போயிருந்தால், எண்ணெய்க் கிணறு தோண்ட வருகிறவனை நீங்கள் வாசலில் நிறுத்த முடியாது. தண்ணீர் கிணறா, ரூரல் வாட்டர் (ஊரகக் குழாய்நீர்) மீட்டரா. மீட்டர் இல்லையென்றால் புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். செப்டிக் டேங்க் எத்தனை பேருக்குப் போட்டது. நாலு பெட்ரூம் வீட்டில் பன்னிரண்டு பேர் முகாம் நடத்தினால் முதலில் சரணடைவது அதுதான்.

வரியும் உண்டு. கேன்சஸில் மேய்ச்சல் நிலத்தைச் சந்தை விலையில் மதிப்பிடுவதில்லை, அது விளைவிக்கும் வருமானத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். அதனால் வரி குறைவு. மாட்டை எடுத்துவிட்டு வெறும் பொழுதுபோக்கு நிலமாக்கினால் அந்தச் சலுகை போகலாம். மேய்ச்சல்காரர் புல்லுக்காகச் சொன்ன மாட்டை நான் வரிக்காகவும் சொல்கிறேன்.

குளத்துமீன் | மார்ச் 6, இரவு 11:20

ஆக மொத்தம் எங்க "ஒருமனதான முடிவு" காலி. வீட்டுல சொன்னேன். "நான் முதல்லயே பசு வளர்க்கலாம்னு சொன்னேன்ல"ங்கிறா. சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லை.

வடவெளி | மார்ச் 7, காலை 8:10

நான் ரெஜைனாவில இருக்கிறன். உங்கட கதையை வாசிக்க ஆசையா இருக்கு. இஞ்ச சஸ்காச்சுவானில சட்டம் இன்னும் இறுக்கம். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத ஆக்கள் 10 ஏக்கருக்கு மேல விவசாயக் காணி வாங்கேலாது. என்ர மச்சான் நோர்வேயில இருந்து காசு அனுப்புறன், வாங்குவம் எண்டு நிண்டவர். சட்டத்தைக் காட்டினாப் பிறகு கதையை விட்டிட்டார்.

ஒண்டு கேக்கோணும். அமைதி எண்டு சொல்லினம், உண்மையா அமைதியோ? இஞ்ச எங்கட வெளியில காத்துச் சத்தம் ஒண்டே காணும், ஒரு மனுசரை விசராக்க.

மேய்ச்சல்காரன் | மார்ச் 7, மாலை 7:45

காத்து இங்கயும் உண்டுங்க. அதோட எங்க பக்கம் சரக்கு ரயிலு. கலிபோர்னியாவுலருந்து சிகாகோ போற பிஎன்எஸ்எஃப் பெரிய பாதை மேட்ஃபீல்டு கிரீன் வழியாத்தான் போகுது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொம்பு ஊதும், மலைக்கு மலை எதிரொலிக்கும். முதல் வந்த விருந்தாளி ஒருத்தர் அதுக்காகவே ரெண்டு நட்சத்திரம் கொடுத்துட்டுப் போனார். அதுலருந்து விளம்பரத்துல "அமைதி"ங்கிற வார்த்தையவே எடுத்துட்டேன். "ரயில் சத்தம் கேட்கும், நட்சத்திரம் தெரியும்"னு போட்டேன். ரயில் பைத்தியங்களே தேடி வர ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொண்ணு, உள்ளே ஆறு மைல் ரோடுன்னீங்க. வழியில "மினிமம் மெயின்டனன்ஸ் ரோடு"ன்னு போர்டு இருக்குதான்னு பாருங்க. இருந்தா கவுண்டி அதைச் சரளை போட்டுப் பராமரிக்காது. மழை பேஞ்சா அந்த மண்ணு டயர்ல அப்பிக்கிட்டுச் சக்கரமே சுத்தாது. விருந்தாளி ரென்டல் கார்ல வந்து மாட்டினா ராத்திரி பதினொரு மணிக்குக் கயிறு கட்டி இழுக்கறது நீங்கதான்.

குளத்துமீன் | மார்ச் 16, இரவு 9:30

போயிட்டு வந்தோம். போர்டு இருக்கு. கடைசி ஒண்ணரை மைல். ஏஜென்ட் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்து "அங்க பாருங்க பருந்து"ன்னு எதிர்ப் பக்கம் காட்டிட்டே வந்தார்.

குத்தகைக்காரர் எழுபது வயசுக்காரர். மேய்ச்சல்காரர் சொன்னபடி அரை நாள் சுத்தினோம். அவர் காட்டினது எதுவும் விளம்பரத்துல இல்லை. ஒரு குளத்துக் கரையில மஸ்க்ராட்ங்கிற நீர்எலி தோண்டின பொந்து. வேலிக்கம்பத்துல ஊதா பெயின்ட் ஏன்னு கேட்டேன். எழுத்துல அனுமதி இல்லாம இங்க வேட்டை கூடாதுன்னு அர்த்தமாம், போர்டே வேண்டாமாம். ஹெட்ஜ் மரக் கம்பங்கள் சிலது அவர் தாத்தா நட்டதாம், இன்னும் மக்கலை.

அப்புறம் ஓடைச் சரிவுல பழுப்பா குச்சி குச்சியா ஒரு செடி காஞ்சு நின்னுச்சு. குனிஞ்சு ஒண்ணைப் பிடுங்கி "செரீஷியா"ன்னார். முகமே மாறிடுச்சு அவருக்கு.

மேய்ச்சல்காரன் | மார்ச் 16, இரவு 10:05

மாறத்தான் செய்யும். செரீஷியா லெஸ்பெடிசா. மண்ணரிப்புக்குன்னு வெளிநாட்டுலருந்து கொண்டாந்து வெதச்சது, நம்ம சீமைக்கருவேலம் கதையேதான். மாடு வாய் வைக்காது, அவ்வளவு துவர்ப்பு. விதை மண்ணுக்குள்ள இருபது வருசம் கெடக்கும். கேன்சஸ் சட்டப்படி அதைக் கட்டுப்படுத்தறது நில உரிமையாளர் கடமை, அதாவது வாங்கின மறுநாளே உங்க கடமை. வசந்தகால நெருப்புக்கு அது சாகாது, ஆகஸ்ட் செப்டம்பர்ல வெச்சா அடங்குதுன்னு கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. எத்தனை ஏக்கர்ல இருக்குன்னு அளந்து விலையில குறைங்க.

ஏப்ரல் முதல் வாரம் நான் நெருப்பு வைக்கறேன். காத்து ஒத்து வந்தா சொல்றேன். பருத்தி உடுப்புப் போட்டுக்கிட்டு வாங்க, பாலியெஸ்டர் வேண்டாம்.

குளத்துமீன் | ஏப்ரல் 6, இரவு 11:50

இன்னிக்குப் போயிருந்தேன். குளிச்சும் புகை வாசம் போகலை.

ஏழெட்டுப் பேர், எல்லாம் பக்கத்து நிலத்துக்காரங்க. பிக்கப் பின்னாடி தண்ணி டேங்க். மேய்ச்சல்காரர் முதல்ல கவுண்டிக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். அப்புறம் காத்து போற பக்கத்து ஓரத்துலதான் முதல்ல வச்சாங்க. காத்தை எதிர்த்து முழங்கால் உயரத்துல மெதுவா ஊர்ந்துச்சு, வெறும் கறுப்புப் பட்டை ஒண்ணு விழற வரைக்கும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதுக்கப்புறம்தான் எதிர் ஓரம். டீசலும் பெட்ரோலும் கலந்த டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டா நெருப்பை விட்டுட்டே ஒருத்தர் வேகமா நடந்தார். அவர் பின்னாடி எழுந்துச்சு பாருங்க. ரயில் வர்ற மாதிரி சத்தம். என் பையன் என் பெல்ட்டைப் பிடிச்சவன் விடவே இல்லை. ரெண்டு நிமிஷத்துல அது கறுப்புப் பட்டைக்கு வந்து, தின்ன ஒண்ணும் இல்லாம, அப்படியே உட்கார்ந்துடுச்சு.

அப்புறம் அந்தக் கறுப்புத் தரையில நடந்தோம். கால் வைக்கிற இடமெல்லாம் வெள்ளையா சிக்கிமுக்கிக்கல். அவ்வளவு கல் இருக்குன்னு புல் மூடியிருந்தப்போ தெரியவே இல்லை. குத்தகைக்காரரும் வந்திருந்தார். பத்து நாள் கழிச்சு வந்து பாரு, பச்சைக் கம்பளம்ன்னார்.

முடிவு: ஹெச்1பி நண்பர் விலகிட்டார், கிரீன் கார்டு வந்ததும் பார்க்கலாம்னுட்டார். நாங்க ரெண்டு குடும்பம் வீடும் பெரிய குளமும் இருக்கிற 160-க்கு மட்டும் விலை கேட்டிருக்கோம். செரீஷியா சரிவு இருக்கிற மத்த பாதி குத்தகைக்காரர் வாங்கிக்கிறாராம். மாடு அவருடையதே.

பத்திரம்_முக்கியம் | ஏப்ரல் 7, காலை 8:30

நல்லது. பிரிக்கும்போது வீட்டுக்குப் போகும் வழி யார் பாதியில் விழுகிறது என்று பார்த்து, வழி உரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். அவர் நல்லவர்தான், அவர் வாரிசு யாரென்று தெரியாது. காசு வாங்கி விருந்தினர் வைப்பதாக இருந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு போதாது. மாநிலத்தில் அக்ரிடூரிசம் (பண்ணைச் சுற்றுலா) பதிவு செய்து, எச்சரிக்கைப் பலகையை வாசலில் வையுங்கள். 2004-லிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. குளத்தில் வழுக்கி விழுந்தவர் வழக்குப் போட்டால் ஓரளவு கைகொடுக்கும், உங்கள் அப்பட்டமான கவனக்குறைவுக்குக் கைகொடுக்காது.

வடவெளி | ஏப்ரல் 7, காலை 9:02

நெருப்புப் படம் ஒண்டும் எடுக்கேல்லையோ?

குளத்துமீன் | ஏப்ரல் 7, காலை 9:20

எடுத்தேன். எல்லாத்துலயும் என் விரல்தான் இருக்கு. கை நடுங்கியிருக்கு போல.

மேய்ச்சல்காரன் | ஏப்ரல் 8, மாலை 6:15

நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மார்ச் கடைசியிலருந்து ஏப்ரல் முழுக்க வேட்டைக்காரர் இல்லாமலே வீடு நிறையும். பிரெய்ரி சிக்கன்னு இங்க ஒரு காட்டுக்கோழி. சேவலெல்லாம் வருசா வருசம் அதே மேட்டுக்கு விடியறதுக்கு முன்னாடி வரும். கழுத்துல ரெண்டு பக்கமும் ஆரஞ்சுப் பழம் மாதிரி பை உப்பும், காலைத் தரையில தடதடன்னு தட்டும். காலிப் பாட்டில் வாயில ஊதற மாதிரி ஒரு சத்தம், ஒரு மைல் தாண்டிக் கேக்கும். பொட்டைக்கோழி ஒண்ணு அலட்சியமா நடுவுல நடந்து போகும், இத்தனை பேரும் அதுக்காகத்தான். குளத்துமீன் வாங்கற 160-ல மேக்கால மேட்டுல எனக்கு ஒரு சந்தேகம், புல்லு அங்க மட்டும் மொட்டையா இருந்துச்சு. என் நிலத்துல எட்டுச் சேவல் வருது. பிளைவுட்ல ஒரு மறைப்பு கட்டி வெச்சிருக்கேன்.

சைவப்பூனை | ஏப்ரல் 8, இரவு 8:40

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை அல்லவா?

மேய்ச்சல்காரன் | ஏப்ரல் 8, இரவு 8:44

பைனாகுலர் போதும்.

சைவப்பூனை | ஏப்ரல் 8, இரவு 8:51

19-ஆம் தேதி இடம் இருக்கிறதா? இரண்டு பேர். சாப்பாடு நாங்களே கட்டிக்கொண்டு வருவோம். உங்களுக்கும் சேர்த்துப் புளியோதரை.

மேய்ச்சல்காரன் | ஏப்ரல் 8, இரவு 8:53

இருக்குதுங்க. காலை 5:30-க்கு கேட்டுல நிப்பேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பினதும் ஹெட்லைட்டை அணைச்சுட்டு மெதுவா வாங்க. உள்ள போனதும் சூரியன் ஏறி அதுக கலையற வரைக்கும் வெளிய வர முடியாது, அதனால காப்பிய அளவாக் குடிச்சுட்டு வாங்க.